விசாலாட்சி திருப்பித் தராத தூக்குவாளி

குடும்பத்தாரைப் பற்றி எழுதி வைக்கும்போது, இரத்த உறவோ சம்பந்த உறவோ இல்லாத ஒருவருக்குத் தனி இடம் ஒதுக்குவது எங்கள் வழக்கமில்லை. விசாலாட்சிக்கு ஒதுக்கியிருக்கிறேன். என் அண்ணன் ஐயாவு அந்தமானில், போர்ட் பிளேயரின் ஜங்லிகாட்டில் நடத்திய மளிகைக் கடையைப் பற்றி எழுதப் புகுந்தால், அங்கே சாமான் வாங்கியவர்களில் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. கடையில் நடந்தவை நான் கண்டவை. அவர் வீட்டில் நடந்தவற்றை அவரும் அவர் கணவர் காத்தமுத்துவும் பின்னாளில் சொன்னார்கள். குட்வில் எஸ்டேட் குடியிருப்பில் அவர் வேலை பார்த்த வீட்டில் நடந்ததை அந்த வீட்டு அம்மாளிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

விசாலாட்சி இலங்கையின் கண்டிச் சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு அவர் குடும்பமும் கப்பலேறியது. அரசாங்கம் அவர்களை நிக்கோபாரின் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது. அங்கேயே வளர்ந்து, ரப்பர் பால் வெட்டும் காத்தமுத்துவை மணந்தார். வீட்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் மரவள்ளியும் வைத்திருந்தார்கள். எண்ணெயும் உப்பும் பருப்பும்தான் கடையில் வாங்க வேண்டியிருந்தது என்று அவர் சொல்வார். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கரையோரத்தில் இருந்த அவருடைய அண்ணன் ஈஸ்வரனின் குடும்பத்தைக் கடல் கொண்டுபோயிற்று. வீடும் மரங்களும் போயின. கணவனும் மனைவியும் மேட்டில் ஏறித் தப்பினார்கள். காத்தமுத்துவின் காலில் தகரம் வெட்டியிருந்தது. புத்தாண்டு பிறந்தபின் ஒரு கப்பல் அவர்களைப் போர்ட் பிளேயரில் இறக்கிவிட்டது.

போர்ட் பிளேயரில் வீடுகள்தோறும் அப்போது நிவாரண முகாம்களுக்காகச் சமைத்தார்கள். அரசாங்கச் சமையல் ஒரு பக்கம் நடந்தது. வங்காளிகள் கிச்சடியும், தெலுங்கர்கள் புளி சாதமும், மலையாளிகள் கஞ்சியும் தத்தம் பாத்திரங்களில் கொண்டுபோய் ஊற்றியது மறுபக்கம். என் மதினி சுசீலா கடை அரிசியில் சாம்பார் சாதம் வடித்து, தம் கல்யாணச் சீராக வந்த பெரிய எவர்சில்வர் தூக்குவாளியில் நிரப்பி, ஒரு பள்ளிக்கூட முகாமுக்கு எடுத்துச் சென்றார். அதன் மூடியிலும் விளிம்பிலும் ‘மு. சுசீலா’ என்று பெயர் வெட்டியிருந்தது. வரிசையில் நிற்காமல், கால் வீங்கிப் படுத்திருந்த கணவரின் அருகே சுவரோரம் உட்கார்ந்திருந்தார் ஒரு பெண். மதினி அவரிடம் போய்த் தூக்குவாளியையே கையில் கொடுத்தார்.

“பாத்திரத்தோட வச்சுக்கோம்மா. நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்.”

மறுநாள் மதினி போனபோது, அந்த வகுப்பறையில் இருந்தவர்களை வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். அப்போது மதினிக்கு வருத்தமில்லை. “போனாப் போவுது, யாருக்கோ உதவுது” என்றார்.

அவ்வாண்டு ஆனி மாதத்தில், எங்கள் கடையிலிருந்து மீன் சந்தைக்கு இறங்கும் சரிவில், தகரக் கூரை போட்ட ஓர் அறைக்கு ஒரு குடும்பம் குடி வந்தது. காத்தமுத்துவுக்கு ஒரு மரப்பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. விசாலாட்சி முதல் நாள் கடைக்குள் வந்ததும் மதினி அடையாளம் கண்டுகொண்டார்.

“நீ அந்த ஸ்கூல்ல இருந்தவதானே? உன் வீட்டுக்காரருக்குக் கால் எப்படி இருக்கு?”

“நடக்கிறாருங்கக்கா. உங்க தூக்குவாளி பத்திரமா இருக்கு. கொண்டாந்து தாறேன்.”

“மெதுவாக் குடு. அதுக்கென்ன?”

இருவருக்கும் இடையே அன்று நடந்த பேச்சு இவ்வளவே. இதற்குப் பின் நடந்த அத்தனைக்கும் காரணம், இருவர் வீட்டிலும் ஒரே வழக்கம் இரு வேறு விதமாக இருந்ததுதான்.

இரவல் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் கழுவித் துடைத்து, அடியில் ஒரு பிடி சீனியோ நாலு மிளகாயோ போட்டுக் கொடுத்துவிட்டால் எங்களுக்குக் கணக்குத் தீர்ந்துவிடும். விசாலாட்சி வளர்ந்த லயத்தில் அப்படி இல்லை. சாதாரண நாளில் வந்த பாத்திரத்துக்கு ஒரு பிடி போதும். துக்க நாளில் வந்த பாத்திரம் எவ்வளவு நிரம்பி வந்ததோ அவ்வளவு நிரம்பியே திரும்ப வேண்டும். அதுவும் தன் கையால் விளைந்த பொருளாக இருக்க வேண்டும். தம் அண்ணன் குடும்பத்தைக் கடல் கொண்டுபோனபின் விசாலாட்சி வாயில் வைத்த முதல் சோறு அந்தத் தூக்குவாளியில் வந்தது.

அவரிடம் இப்போது விளைந்தது எதுவும் இல்லை. வீட்டிலிருந்த அரிசி அரசாங்கம் கொடுத்தது. மற்றவை எங்கள் கடையில் வாங்கியவை.

“நாளைக்கே கொண்டு போய்க் குடுத்திரு. அந்தம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டு தினமும் எப்படிச் சாமான் வாங்கறே?” என்று காத்தமுத்து கேட்டாராம்.

“எதை வச்சுக் குடுக்கிறது? அவங்க கடை அரிசியையே பொங்கி அவங்களுக்குக் குடுக்கவா?”

“பஜார்ல பழம் வாங்கி வச்சுக் குடேன்.”

“வாங்கித் தின்ன அவங்களுக்குத் தெரியாதா? கடையே அவங்ககிட்ட இருக்கு.”

என் அண்ணன் கடை பெரியதன்று. ஆனால் ஜங்லிகாட்டின் எல்லா மொழிகளும் அதன் படியில் ஏறி இறங்கின. மீனவத் தெலுங்கர்கள் காலையில் ஈரக் கையோடு வந்து புளியும் வற்றலும் கேட்பார்கள். வங்காளிப் பெண்கள் கடுகெண்ணெய்ப் புட்டியைத் திறந்து மணம் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக அண்ணன் பேசியது தீவு இந்திதான். அதில் கோவில்பட்டி வாடை வீசும். வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் பிந்தினால் அண்ணன் ஒரு விதி வைத்திருந்தார்: எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் வீட்டுக்கு ஒரே அளவு. தம் வீட்டுக்கு மட்டும் எடுத்து வைக்கமாட்டார். வெங்காயமே இல்லாத கடைக்காரர் வீட்டுக் குழம்பை நானும் பல நாள் உண்டிருக்கிறேன்.

விசாலாட்சி வாங்கும் விதம் தனியாக இருந்தது. தராசின் முள்ளைப் பார்க்கமாட்டார், பொருளைப் பார்ப்பார். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து, பிடிக்காததைப் பேசாமல் குவியலில் திரும்ப வைப்பார். கோதுமை மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, “இது ரொட்டிக்கு வராதுங்கண்ணாச்சி” என்பார். அண்ணன் வேறு சாக்கைப் பிரித்துக் காட்டுவார். “வாங்குறது அரைக் கிலோ. சோதிக்கிறது ஆடிட்டர் மாதிரி!” என்று அண்ணன் சொன்னால், “அரைக் கிலோ வாங்கறவங்கதான் சோதிக்கணும். மூட்டை வாங்கறவங்களுக்குக் கொஞ்சம் கெட்டா என்ன?” என்பார். அண்ணன் சிரித்துவிடுவார்.

முதலிரண்டு மாதம் கடைக்கு வரும்போதெல்லாம் “தூக்குவாளி தாறேங்கக்கா” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். வெறும் வாய்ச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்கு வெட்கமாகப் போயிற்று. மதினிக்கு அந்த மௌனம் வேறு விதமாகப் பட்டது.

விசாலாட்சி சும்மா இருக்கவில்லை. குட்வில் எஸ்டேட்டில் விஜயலட்சுமி என்ற அம்மாள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த அம்மாளின் கணவர் திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசு ஊழியர். வீட்டின் பின்புறம், சுற்றுச்சுவருக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவே, வெயில் விழும் ஒரு துண்டு நிலம் களை மண்டிக் கிடந்தது. “இதுல நாலு குச்சி நட்டுக்கலாங்களாம்மா?” என்று விசாலாட்சி கேட்டார். அந்த அம்மாள், “நட்டுக்கோயேன். பாம்பு வராம இருந்தாச் சரி” என்று சொல்லிவிட்டார். காய்கறிச் சந்தையில் கிழங்கு விற்ற ஒரு மலையாளப் பெண்ணிடம் மரவள்ளிக் குச்சிகள் வாங்கிவந்து, ஆடி மழையில் நட்டார். வேலை முடிந்ததும் அடியில் மண் அணைத்துவிட்டு வீடு திரும்புவார். அந்தக் கிழங்கு எதற்கென்று காத்தமுத்துவைத் தவிர எவருக்கும் தெரியாது.

தை மாதத்தில், விருந்தாளிகளுக்குப் பெரிய பாத்திரம் ஒன்று தேவைப்பட்டு, மதினி பரணில் தேடினார். தூக்குவாளி நினைவுக்கு வந்தது. அன்று மாலை கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். விசாலாட்சி பருப்பு வாங்க வந்திருந்தார். மதினி தராசில் பருப்பைப் போட்டுக்கொண்டே பேசினார். அவரைப் பார்த்துப் பேசவில்லை.

“சில பேரு சோறு போட்டாக் கையை நனைச்சிட்டுப் போறாங்க. சில பேரு பாத்திரத்தையே நனைச்சு வச்சுக்கிடுதாங்க.”

நின்றவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வங்காளிப் பெண், “க்யா ஹுவா, தீதி?” என்று விஷயத்தைக் கேட்க, மதினி இந்தியில் முழுக்கதையையும் சொல்லிவிட்டார். விசாலாட்சி பருப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, “வாறேங்கக்கா” என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினார்.

“ஒரு வாளிக்காகவா இப்படிப் பேசுறே?” என்று அண்ணன் கடிந்தார்.

“வாளிக்கு இல்ல. தாறேன் தாறேன்னு சொன்னா, இப்போ அந்தப் பேச்சையே முழுங்கிட்டா. அதான் ஆத்திரம். நான் என்ன தங்கமா கேட்டேன்?”

மதினி அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்த வரலாறு சிறியதாகியிருக்கும். விஜயலட்சுமி அம்மாளும் எங்கள் கடையில்தான் மாதச் சாமான் வாங்குவார். அடுத்த முறை அவர் வந்தபோது, விசாலாட்சி அவர் வீட்டில் வேலை செய்வதை அறிந்து, மதினி தூக்குவாளிக் கதையை அவரிடமும் சொன்னார். திருட்டு என்ற சொல்லை மதினி சொல்லவில்லை. இதை நான் நன்றாகக் கேட்டு வைத்திருக்கிறேன். ஆனால் கேட்டவருக்கு அந்தச் சொல்லே நெஞ்சில் தங்கியது.

மறுவாரம் விஜயலட்சுமி அம்மாள், “ஊர்லேருந்து என் தங்கை வர்றா. கொஞ்ச நாளைக்கு நீ வர வேண்டாம். நானே சொல்லி அனுப்பறேன்” என்றார். விசாலாட்சி அவர் முகத்தைப் பார்த்தார். காரணம் விளங்கிவிட்டது. அம்மாள் பின்கதவைத் தாழிடும் ஓசை கேட்கும்வரை மரவள்ளி இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கிழங்கு முற்ற இன்னும் நாள் இருந்தது.

தூக்குவாளியை நிரப்பும் பொருள் இப்போது அவர் நுழைய முடியாத சுவருக்குள் மாட்டிக்கொண்டது. அன்று மாலை காத்தமுத்து முதன்முறையாகக் கோபப்பட்டார்.

“வெறும் வாளியாவே கொண்டு போய் வச்சிட்டு வா. வேலை போச்சு, பேரு போச்சு. இன்னும் என்ன இருக்குப் போறதுக்கு?”

“இப்போ வெறுமையாக் குடுத்தா, பயந்துபோய்த் திருப்பிக் குடுத்தான்னு ஆயிரும். அப்புறம் இந்தத் தெருவுல எனக்கு எப்பவுமே அந்தப் பேருதான்.”

“நிரப்பிக் குடுத்தா மட்டும்?”

“நிரப்பிக் குடுத்தா, எதுக்கு வச்சிருந்தேன்னு வாளியே சொல்லிரும்.”

அவர் எங்கள் கடையை விட்டு வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஜங்லிகாட்டில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போகவில்லை. அதே நேரத்துக்கு வந்தார், அதே படியில் நின்றார், தேங்காயைக் காதில் வைத்து ஆட்டினார். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாமான் கட்டினார். அண்ணன் மட்டும் தேவைக்கு மேல் பேசினார். சரிவில் குடியிருந்த பெண்கள் அவர் வந்தால் தங்கள் பையைத் தம்மருகே நகர்த்தி வைப்பதை நான் ஒருமுறை பார்த்தேன். அவரும் பார்த்தார்.

சித்திரை போய் வைகாசி பாதியில் கடல் கொந்தளிக்கத் தொடங்கியது. சரக்குக் கப்பல் சென்னையிலேயே நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. முதலில் உருளைக்கிழங்கு தீர்ந்தது, பின்பு வெங்காயம். கடைச் சாக்குகள் ஒவ்வொன்றாக மடிந்து மூலைக்குப் போயின.

“பையா, ஆலூ?” என்று உருளைக்கிழங்கு கேட்பார்கள்.

“நஹி ஹை. ஜஹாஸ் நஹி ஆயா.” இல்லை, கப்பல் வரவில்லை என்பார் அண்ணன்.

“ப்யாஜ்?” வெங்காயமாவது உண்டா என்பார்கள்.

“ஜஹாஸ்ல ஆலூ தனியா, ப்யாஜ் தனியாவா வருது தீதி?” என்று அண்ணன் பாதித் தமிழில் சலித்துக்கொள்வார். வந்தவர்கள் வெறும் பையை வீசிக்கொண்டு திரும்புவார்கள்.

இத்தகைய ஒரு நாள் காலையில், மழை சற்று ஓய்ந்திருந்தபோது, விசாலாட்சி குட்வில் எஸ்டேட் வீட்டின் வாசற்கம்பியைத் தட்டினார். கையில் ஒரு பை இருந்தது. விஜயலட்சுமி அம்மாள் வெளியே வந்து திகைத்து நின்றார்.

“வேலைக்கு வரலீங்கம்மா. பின்னால நட்டது பக்குவமாயிருச்சு. தோண்டிக்கிட்டுப் போயிடறேன். நீங்க கூடவே நின்னு பார்த்துக்குங்க.”

கடைசிச் சொற்கள் அம்மாளைச் சுட்டன என்று அவரே என்னிடம் கூறினார். ஆயினும் கூடவே சென்று நின்றார். மண் மழையில் நெகிழ்ந்திருந்தது. தண்டைப் பற்றி அசைத்து அசைத்து இழுக்க, செம்மண் ஒட்டிய கிழங்குகள் கொத்தாக மேலே வந்தன. கைப்பருமனில் நன்றாகவே விளைந்திருந்தன. அடுத்த தண்டு, அதற்கடுத்தது என்று குவியல் உயர்ந்தது. விசாலாட்சி மண்ணை உதறி, மூன்று பங்காகப் பிரித்து வைத்தார்.

“இது உங்களுக்கு. மண்ணு உங்களோடது. இது எங்க வீட்டுக்கு.”

“இது? இந்தப் பெருசு எல்லாம்?”

“இது தூக்குவாளிக்கு.”

“எந்தத் தூக்குவாளிக்கு?”

விசாலாட்சி பையைத் திறந்து அதை வெளியே எடுத்தார். எத்தனை கிழங்கு வைத்தால் நிரம்பும் என்று அளந்து பார்ப்பதற்காகக் கொண்டுவந்திருந்தார். சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்த பளபளப்பு. விஜயலட்சுமி அம்மாள் மூடியைக் கையில் வாங்கி, வெட்டியிருந்த பெயரைப் படித்தார். ஒன்றரை ஆண்டுக் கதையை விசாலாட்சி நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

 அம்மாள் எலுமிச்சை மரத்தில் பழுத்தவற்றைப் பறித்து விசாலாட்சியின் பையில் போட்டார்.

“நாளைக்கு வேலைக்கு வர்றியா?”

“உங்க தங்கச்சி ஊருக்குப் போயிட்டாங்களாம்மா?”

“அவ வரவே இல்லடி” என்றார் அம்மாள். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டனவாம்.

“அப்போ வாறேன்” என்றார் விசாலாட்சி.

அன்று மாலை விளக்கேற்றும் நேரம். கப்பல் புறப்பட்டதா என்று கேட்கவே பலர் கடையில் கூடியிருந்தார்கள். வாங்குவதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும் கடை வாசலில் நின்று பேசினால் ஒரு தெம்பு. மதினி காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்து, காலையிலிருந்து நூறு முறை சொன்ன பதிலை மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தார். விசாலாட்சி படியேறி வந்து, தூக்குவாளியைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் மேல் ஒரு சிறு அலுமினியக் கிண்ணம் கவிழாமல் உட்கார்ந்திருந்தது.

“இந்தாங்கக்கா. கொஞ்சம் நாளாயிருச்சு.”

 மதினி கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மூடியைத் திறந்தார். ஆவி மேலே வந்தது. வெடிக்க வெந்த மரவள்ளிக்கிழங்கு, வெண்மையாக, விளிம்புவரை.

“என்னதும்மா இது?”

“வாளி எப்படி வந்துச்சோ அப்படித் திருப்புறேன். எங்களுக்குத் துக்கத்துல வந்த சோறு அது. அதுக்கு விளைஞ்சதாத்தான் வைக்கணும். விளையறதுக்கு இத்தனை மாசம் எடுத்துக்கிச்சு.”

“அட பாவி! ஒரு பிடி சீனி போட்டுக் குடுத்திருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே!”

“அன்னைக்கு நீங்க ஒரு பிடியா குடுத்தீங்க?”

 மதினி கிண்ணத்தைத் திறந்தார். தேங்காயும் வற்றல் மிளகாயும் உப்பும் அம்மியில் அரைத்து, எலுமிச்சை பிழிந்த சம்பல். வெங்காயம் இல்லை.

“இதை ஏன் தனியா வச்சே? வாளியிலேயே ஓரமா வச்சிருக்கலாமே?”

“தேங்காயும் மிளகாயும் உப்பும் உங்க கடையில வாங்கினது. அதை எப்படி வாளிக்குள்ள வைக்கிறது?”

அண்ணன் கல்லாவில் இருந்தபடியே வெடித்துச் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன. “ஏன்டி, இதை முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே” என்றார்.

“சொல்லிக்கிட்டா துக்கச் சோத்துக்குத் திருப்பி வைப்பாங்க? தெரு முழுக்கச் சொன்னீங்க இல்லக்கா? அதே தெருவுல இதையும் சொல்லிருங்க.”

விசாலாட்சி குரலை உயர்த்தவில்லை. அந்த ஆண்டில் அவர் எங்கள் கடையில் எதையாவது கேட்டார் என்றால் இது ஒன்றைத்தான் கேட்டார்.

மதினி எழுந்தார். பொட்டலம் கட்டும் தாளை அடுக்கிலிருந்து உருவினார். ஒரு துண்டு கிழங்கு, மேலே ஒரு விரல் சம்பல். முன்னால் நின்ற வங்காளிப் பெண்ணிடம் முதலில் நீட்டினார்.

“லோ தீதி. விசாலாட்சி கே கர் கா. மேரா பர்த்தன் மே ஆயா. பூரா பர்கே ஆயா.” விசாலாட்சி வீட்டுக் கிழங்கு, என் பாத்திரத்தில் வந்தது, நிரம்பி வந்தது என்று பொருள். மதினியின் இந்தியில் பிழை இருக்கலாம். கேட்டவர் எவருக்கும் விளங்காமல் போகவில்லை.

அடுத்து ஒரு தெலுங்கு மீனவர். அவருக்கும் அதே வாசகம். பையை நகர்த்தி வைத்த சரிவுப் பெண்களில் ஒருத்தி நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழில், கொஞ்சம் உரக்கவே சொன்னார். “ஆலூ இல்லைன்னு அழுதியே, இந்தா, அதைவிட நல்லது. யார் வீட்டுதுன்னு தெரியுமா?”

“தெரியுதுக்கா” என்று அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். பின்பு விசாலாட்சியிடம் திரும்பி, “குச்சி மிச்சம் இருக்காங்க? எங்க வீட்டுக்குப் பின்னாலயும் கொஞ்சம் இடமிருக்கு” என்றாள்.

“நாளைக்கு வாங்க, தாறேன்.”

வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்த பின், அடியில் மிஞ்சிய துண்டுகளை அண்ணனும் மதினியும் நானும் கல்லாப் பெட்டியைச் சுற்றி நின்றே உண்டோம். கடையில் பொருள் இல்லாத அந்த நாட்களில், கடைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பாத மாலை அது ஒன்றுதான்.

விசாலாட்சியின் அலுமினியக் கிண்ணம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மதினி அதைக் கழுவி அடுக்களை மேடையில் கவிழ்த்து வைத்திருந்தார். ஒரு வாரம் சென்றது, கப்பல் வரவில்லை. கடையில் விசாலாட்சியைக் காணும்போதெல்லாம் மதினி, “உன் கிண்ணம் பத்திரமா இருக்கும்மா. தாறேன்” என்பார்.

“மெதுவாக் குடுங்கக்கா. அதுக்கென்ன?” என்பார் விசாலாட்சி, முகத்தில் ஒரு கோடும் மாறாமல்.

“ஒரு பிடி சீனி போட்டுக் குடுத்திரேன்” என்று அண்ணன் சீண்டுவார்.

“நீங்க சும்மா இருங்க” என்பார் மதினி.

கப்பல் வந்த நாளில், ஹாடோ துறையிலிருந்து சாக்குகள் கடைக்கு வந்து இறங்கின. முதல் சாக்கின் தையலை அண்ணன் பிரித்ததும், மதினி குனிந்து இரண்டு கை நிறைய வெங்காயத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். “இந்தக் கடையில வீட்டுக்கு முதல் எடை விழுந்தது இன்னைக்குத்தான்” என்றார் அண்ணன். எனினும் தடுக்கவில்லை.

அன்று மாலை மதினி புளிக்குழம்பு வைத்தார். கிண்ணத்தில் ஊற்றினார். குழம்பு மட்டும் எப்படிப் போகும் என்று நின்று யோசித்தார். பிறகு பரணிலிருந்து தூக்குவாளியை இறக்கி, சூடான சோற்றை அதில் நிரப்பினார். நான் குடை பிடித்துக்கொண்டு உடன் சென்றேன்.

தகரக் கதவைத் திறந்தவர் காத்தமுத்து. மதினியின் வலக்கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். இடக்கையில் தொங்கியதைப் பார்த்ததும், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏம்மா, விசாலாட்சி! கிண்ணம் வந்திருச்சு. ஆனா அந்த வாளியும் மறுபடி வந்திருச்சு. குச்சி எல்லாத்தையும் தெருவுக்குக் குடுத்திட்டியே, இப்போ எதை நடுறது?”

“சந்தோஷமா வந்த சோறுங்க இது” என்று பதில் சொல்லிக்கொண்டே விசாலாட்சி வாசலுக்கு வந்து வாளியை வாங்கிக்கொண்டார். “இதுக்கு ஒரு பிடி போதும். உள்ள வாங்கக்கா, நனையறீங்க.”